கோஸ்டா ரிகாவின் 13 பழைய தபால்தலைகள்: அசல் எது, போலி எது? – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது ஒரே ஒரு ஸ்டாக் பக்கம், அதாவது தபால்தலைகளைச் செருகி வைக்கும் அட்டை. அதில் 13 தபால்தலைகள் இருந்தன. எல்லாமே கோஸ்டா ரிகா, எல்லாமே 1863 முதல் 1891 வரையிலான காலத்தவை என்று விற்றவர் குறித்திருந்தார். வாங்கியவர் என் நண்பர். மத்திய அமெரிக்கா அவருக்குப் புதிது. "பேப்பர் பழசு, நிறம் சரியா இருக்கு, பெர்ஃபரேஷனும் அளந்து பார்த்துட்டேன், அப்புறம் என்ன?" என்றுதான் பக்கத்தைக் கொடுத்தார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 13-ல் 12 தபால்தலைகளின் காகிதமும் அச்சும் அசல். ஆனால் விற்றவர் எழுதிய விவரப்படியே ஏற்றுக்கொள்ளக்கூடியவை 4 மட்டும். நடுவில் உள்ள வித்தியாசம் முழுக்க, அசல் தபால்தலையின் மேல் பிற்பாடு விழுந்த மையாலும் கத்தரிக்கோலாலும் வந்தது. கோஸ்டா ரிகாவின் ஆரம்பகால தபால்தலைகளைப் பார்க்கும் எவரும் இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் கண் தானாகப் போவது படத்துக்கும் காகிதத்துக்கும். இந்த நாட்டில் பொய் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

அதற்குக் காரணம் எளிது. நாட்டின் முதல் வெளியீடு 1863-ல் வந்தது. நியூயார்க்கின் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. அரை ரெயால் நீலம், 2 ரெயால் செம்மை, பிறகு 4 ரெயால் பச்சை, 1 பேசோ ஆரஞ்சு (ரெயாலும் பேசோவும் அன்றைய பணம்). மூன்று எரிமலைகள், இருபுறமும் கடல், அதில் கப்பல்கள், மேலே நட்சத்திரங்கள் என்று நாட்டுச் சின்னம் முழுவதும் அந்தச் சின்ன இடத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த நுணுக்கத்தைப் போலி செய்வது பெரிய வேலை. ஆனால் குறைந்த மதிப்பிலான பயன்படுத்தாத பிரதிகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. மலிவான அசலை வாங்கி, அதன்மேல் நான்கு எழுத்தை அடித்து அரிய வகையாக விற்பது சுலபமான வேலை. போலி செய்கிறவர்கள் இரண்டாவது வழியில்தான் அதிகம் போயிருக்கிறார்கள்.

1863 வெளியீடு: நான்கு பிரதிகள்

முதலாவது, கருநீல அரை ரெயால். பத்து மடங்கு லென்ஸில் கோடுகள் கூர்மையாக, மை காகிதத்துக்கு மேலே மெல்லிய வரப்பாக எழுந்து நிற்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அந்த மேடு தெரியும். செதுக்கிய தகட்டில் பள்ளத்துக்குள் தங்கிய மையைக் காகிதம் அழுத்தத்தில் உறிஞ்சி எடுப்பதால் வரும் அடையாளம் இது. பெர்ஃபரேஷன் 12, அதாவது ஓரத்தில் 2 செ.மீ. நீளத்துக்கு 12 துளைகள். சந்தேகத்துக்கு இடமில்லாத அசல்.

இரண்டாவதும் அரை ரெயால்தான், ஆனால் வெளிர்நீலம். எரிமலைகளுக்கு மேலே வானமே இல்லை, வெறும் வெள்ளை. பழைய உரிமையாளர் யாரோ பின்பக்கம் பென்சிலில் போலி என்று எழுதி வைத்திருந்தார். பாவம், நல்ல தபால்தலையை இத்தனை வருடம் திருடன் பட்டத்தோடு வைத்திருக்கிறார்கள். அரை ரெயால் இரண்டு தகடுகளில் அச்சானது. இரண்டாவது தகட்டிலிருந்து வந்தவை வெளிர்நீலமாகவும், மலைகளுக்கு மேல் வானக் கோடுகள் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். லென்ஸில் பார்த்தால் மையின் மேடு முதல் பிரதியைப் போலவே இருக்கிறது. இதுவும் அசல். முதல் தகட்டை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டாவது தகடு போலியாகத் தெரிவது இயல்பு. போலியை அசல் என்று நம்புவதால் வரும் நஷ்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அசலைப் போலி என்று ஒதுக்குவதால் வரும் நஷ்டம் அதைவிட மோசம் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்தப் பிரதியை அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

மூன்றாவதும் அரை ரெயால். நான்கு பக்கமும் துளை இல்லை. அபூர்வம் என்று தனி விலை போட்டிருந்தார்கள். 1863-ல் துளையில்லாத தனி வெளியீடு எதுவும் கிடையாது. துளையில்லாமல் தென்படும் அரை ரெயாலும் 2 ரெயாலும் சரியாகத் துளைக்கப்படாத தாள்களின் மூலைப் பிரதிகள். மூலைப் பிரதி என்றால் குறைந்தது இரண்டு பக்கமாவது தாளின் ஓர வெள்ளை தாராளமாக இருக்க வேண்டும். இதில் நான்கு பக்கமும் மிக ஒடுங்கிய ஓரம். அளந்து பார்த்ததில் சாதாரணமாகத் துளையிட்ட பிரதியைவிட அகலத்திலும் உயரத்திலும் சிறியது. துளைப்பற்களைக் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். தபால்தலை அசல், அபூர்வம் பொய்.

நான்காவதுதான் இந்தப் பக்கத்தில் முழுப் போலி: 2 ரெயால். நிறம் ஏறத்தாழ சரி. ஆனால் லென்ஸில் மை தட்டையாகக் கிடக்கிறது, மேடே இல்லை. மலைச் சரிவில் மெல்லிய கோடுகள் வர வேண்டிய இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய திட்டுகள். பெர்ஃபரேஷனும் 12 இல்லை. கல்லச்சில், அதாவது லித்தோ முறையில் செய்த பழைய நகல். 1860களிலும் 70களிலும் ஹாம்பர்க்கில் ஸ்பிரோ சகோதரர்கள் பல நாட்டுத் தபால்தலைகளை இந்த முறையில் நகலெடுத்து, அஞ்சலகம் அடிக்கும் முத்திரையையும் சேர்த்தே அச்சிட்டு விற்றார்கள். ஆல்பத்தில் காலி இடத்தை நிரப்ப அன்றைய பிள்ளைகள் வாங்கினார்கள். இந்த மாதிரி நகல்கள் இன்று பயமுறுத்துவதில்லை. செதுக்கு அச்சுக்கும் லித்தோவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை கண் பழகிவிட்டால் போதும், அதன்பின் கண் ஏமாறாது.

புது விலை அச்சிட்ட மூன்று

1880களின் தொடக்கத்தில் தபால்தலைகளின் விலை ரெயாலை விட்டு சென்டாவோவுக்கு, அதாவது பேசோவின் நூறில் ஒரு பங்குக்கு மாறியது. கையிருப்பில் இருந்த பழைய ரெயால் தபால்தலைகளின் மேல் 1881-82-ல் புது விலை அச்சிட்டார்கள். உலக அஞ்சல் ஒன்றியத்தில் (யுனிவர்சல் போஸ்டல் யூனியன்) சேரும் ஏற்பாட்டை ஒட்டி யு.பி.யு. என்ற மூன்று எழுத்தும் சில விலைகளோடு சேர்ந்தது. இவற்றில் உண்மையாகவே கடிதத்தில் போய் முத்திரை வாங்கியவை அரிது. அந்த அரிதுதான் வம்பின் வேர்.

ஐந்தாவது பிரதி, 2 ரெயால்மேல் 10 சென்டாவோ, யு.பி.யு. எழுத்துகளோடு. புது விலையின் எழுத்துகள் ஈய எழுத்துக் கோர்த்து அடித்தவை. ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மை கொஞ்சம் பிதுங்கி, நடுவில் மெலிந்திருக்கிறது. பின்பக்கம் சாய்வெளிச்சத்தில் எழுத்துகள் லேசாகப் புடைத்துத் தெரிகின்றன. ஒப்பிட்டுப் பார்த்த நம்பகமான படங்களோடு எழுத்தின் வடிவமும் இடைவெளியும் பொருந்தின. சரி, புது விலை அசல்.

முத்திரையைப் பார்த்ததும் கதை மாறுகிறது. தெளிவான, அழகான வட்ட முத்திரை. அதில் சான் என்ற சொல்லுக்கும் ஹோசே என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு. தலைநகரின் பெயருக்குள் இப்படிக் கோடு உள்ள முத்திரை, கடிதம் போகாமலே சேகரிப்பாளருக்காக அடித்துக் கொடுத்தது என்பது கேட்லாக்குகளிலேயே பதிவான விஷயம். இந்த முத்திரை இருந்தால் பயன்படுத்தாத பிரதியின் விலைதான் மதிப்பு. விற்றவர் உபயோகித்த அரிய பிரதி என்ற கணக்கில் விலை போட்டிருந்தார். ஒரு சின்னக் கோட்டில் அந்த விலையின் பெரும்பகுதி போய்விட்டது. எனக்கு இந்தப் பக்கத்திலேயே மிகவும் பிடித்த தபால்தலை இதுதான். இதில் காகிதம் அசல், அச்சு அசல், புது விலை அசல், முத்திரைகூட அந்தக் காலத்து மைதான். எதுவும் போலி இல்லை, ஆனாலும் சொல்லப்பட்ட கதை மட்டும் நடக்கவில்லை.

ஆறாவது, 4 ரெயால்மேல் 20 சென்டாவோ. பச்சைத் தபால்தலை அசல். புது விலை அடித்த எழுத்துகள் பின்பக்கம் தடமே பதிக்கவில்லை. ஓரங்கள் மசமசவென்று, மை ஒரு பக்கம் அடர்த்தியாக, மறுபக்கம் வெளுத்து இருக்கிறது. ரப்பர் முத்திரையில் அடித்தது. எழுத்தின் வடிவமும் ஒத்துப்போகவில்லை. போலி.

ஏழாவது, அரை ரெயால்மேல் 'தோஸ்', அதாவது இரண்டு என்று சொல்லாலேயே அடித்த 2 சென்டாவோ. பார்க்க அவ்வளவு அசலாக இருக்கிறது. இது தபால்தலையாக என்றும் வெளிவரவில்லை. மாதிரிக்காக அச்சிட்டுப் பார்த்தது என்றே கருதப்படுகிறது. இதே காலத்தில் வேறு வகை எழுத்துகளிலும், அரசுப் பயன்பாட்டுக்கு என்று காட்டும் 'ஓபிசியால்' என்ற சொல்லோடும் அச்சிட்ட பிரதிகள் உலவுகின்றன. அவையும் புழக்கத்துக்கு வரவில்லை. வியாபாரி ஒருவரின் ஆர்டருக்காகச் செய்யப்பட்டவை என்று சொல்லப்படுகிறது. சேகரிப்பில் இதற்கு இடம் உண்டு, ஆனால் தபால்தலை வரிசையில் இல்லை.

குவானகாஸ்டே: சிக்கல் இங்கேதான்

மீதி ஆறும் குவானகாஸ்டே என்ற ஒற்றைச் சொல் மேலே அச்சிட்டவை. இந்த ஓவர்பிரிண்ட் ஏன் வந்தது என்பது தெரியாமல் இவற்றை ஆராய முடியாது.

குவானகாஸ்டே நாட்டின் வடமேற்கு மாகாணம், நிகரகுவா எல்லையில் இருக்கிறது. தலைநகர் சான் ஹோசேயிலிருந்து அக்காலத்தில் அங்கே போவதே பெரும்பாடு. வெப்பமும் ஈரமும் சேர்ந்து பசை தடவிய தபால்தலைகளைப் பத்திரமாக வைத்திருக்க விடாது. அதனால் அந்த மாகாணத்துக்காரர்களுக்குத் தபால்தலைகளை முகமதிப்பைவிடக் குறைத்து விற்க அரசு சம்மதித்தது. குறைந்த விலைக்கு அங்கே வாங்கி வேறு ஊரில் முழு விலைக்குப் பயன்படுத்தினால் அரசுக்கு நஷ்டம். அதைத் தடுக்க, மாகாணத்தின் பெயரை மேலே அச்சிட்டு, அந்த மாகாணத்துக்குள் மட்டும்தான் செல்லும் என்று வைத்தார்கள். 1885 முதல் 1891 வரை இது நடந்தது. அடியில் இருப்பவை பெரும்பாலும் 1883-ல் வந்த ஜனாதிபதி ப்ரோஸ்பெரோ ஃபெர்னாண்டஸ் உருவப்படத் தபால்தலைகளும், அதற்குப் பின் வந்த பெர்னார்டோ சோட்டோ உருவப்படத் தபால்தலைகளும்.

இதிலிருந்தே மூன்று கேள்விகள் பிறக்கின்றன. முத்திரை எந்த ஊருடையது? முத்திரையின் தேதி 1885-க்குப் பிந்தியதா? ஓவர்பிரிண்ட் முத்திரைக்கு அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா? கடைசிக் கேள்விதான் உயிர். முதலில் ஓவர்பிரிண்ட் அடிக்கப்பட்டு, பிறகு விற்கப்பட்டு, பிறகு கடிதத்தில் ஒட்டி, பிறகுதான் முத்திரை விழுந்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறவே முடியாது.

நண்பரின் பக்கத்தில் இதைப் பார்க்க அருமையான ஜோடி கிடைத்தது. பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டுமே 1883-ன் 5 சென்டாவோ ஊதா நீலம். அடித்தளம் ஒன்றே, ஓவர்பிரிண்ட் சொல்லும் ஒன்றே, இரண்டிலும் முத்திரை உண்டு.

பன்னிரண்டாவதில் முத்திரை மாகாணத் தலைநகரான லிபேரியாவுடையது. தேதி பாதிதான் தெரிகிறது, வருடம் 1880களின் பிற்பகுதி. குவானகாஸ்டே எழுத்துகள் ஈய அச்சின் அழுத்தத்தோடு காகிதத்துக்குள் இறங்கியிருக்கின்றன. பின்பக்கம் புடைப்பு தெரிகிறது. முப்பது மடங்குப் பெரிதாக்கிப் பார்த்தபோது, முத்திரையின் வட்டக் கோடு எழுத்தைக் கடக்கும் இடத்தில் அறுபடாமல் ஓடுகிறது; எழுத்தின் பள்ளத்தில் முத்திரை மை சற்றுத் தேங்கி நிற்கிறது. இந்தத் தேக்கம்தான் சாட்சி. பள்ளம் முதலில் இருந்தால்தான் பின்னால் வந்த மை அதில் தேங்க முடியும்.

பத்தாவதில் முத்திரை சான் ஹோசே. மாகாணத்துக்குள் மட்டும் செல்ல வேண்டிய தபால்தலைக்குத் தலைநகர் முத்திரை. அதுமட்டும் போதாது, விதியை மீறியும் யாராவது ஒட்டியிருக்கலாம். ஓவர்பிரிண்டைப் பார்த்தால் பின்பக்கம் எந்தத் தடமும் இல்லை. முத்திரைக் கோட்டை எழுத்துகள் கடக்கும் இரண்டு இடங்களிலும் எழுத்தின் மை மேலேறிப் போகிறது. யாரோ சாதாரணமாகக் கடிதத்தில் போய்வந்த 5 சென்டாவோவை எடுத்து, பிறகு மாகாணப் பெயரை அடித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கறுப்பு மைமேல் கறுப்பு மை விழுந்தால் கண் நம்மை ஏமாற்றும். அடர்த்தியான கோடு எப்போதும் மேலே இருப்பதுபோலத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு வெட்டுப்புள்ளியை வைத்து முடிவு சொல்லக் கூடாது. இரண்டு கறுப்புகளும் வேறு வேறு தயாரிப்பாக இருந்தால் அகச்சிவப்பு ஒளி உதவும். கரி கலந்த அச்சு மை அதில் கறுப்பாகவே நிற்கும். சாயம் கலந்த மை வெளுத்துப்போகும். பெரிய நிபுணர் குழுக்கள் இதற்கென்றே தனி இயந்திரம் வைத்திருக்கின்றன. வீட்டில் நல்ல நுண்ணோக்கியும் சாய்வெளிச்சமும் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும். புற ஊதா விளக்கைப் பலர் முதலில் எடுக்கிறார்கள். பழைய காகிதமா புதுக் காகிதமா என்று பார்க்க அது நல்லது. இங்கே காகிதம் அசல் என்பதால் அது சொல்லும் செய்தி குறைவு. வாட்டர்மார்க் தேடுவதிலும் பயனில்லை. இந்த வெளியீடுகளில் அது கிடையாது.

ஒன்பதாவது 2 சென்டாவோ, பதினோராவது 10 சென்டாவோ, இரண்டும் முத்திரை இல்லாதவை. இவற்றையும் பத்தாவதையும் 1200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, ஓவர்பிரிண்டை மட்டும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மூன்றும் அப்படியே பொருந்தின. மூன்றிலும் எஸ் எழுத்தின் கீழ் வளைவில் ஒரே மாதிரி வெட்டு. மூன்றிலும் கடைசி எழுத்து ஒரே அளவு கீழே சரிந்திருக்கிறது.

பொருந்துவது நல்லதுதானே என்று நண்பர் கேட்டார். ஈய எழுத்துகளைக் கோர்த்துத் தாள் முழுவதற்கும் அச்சிடும்போது அந்தச் சொல் ஒவ்வொரு தபால்தலைக்கும் தனித்தனியாகக் கோர்க்கப்பட்டிருக்கும். ஒரு இடத்தில் எழுத்து தேய்ந்திருக்கும், இன்னொரு இடத்தில் இடைவெளி ஒரு மயிரிழை கூடியிருக்கும். அதே வெட்டு மூன்று வேறு விலைகளில் வர வேண்டுமென்றால், மூன்றும் தற்செயலாகத் தாளின் அதே இடத்திலிருந்து பிரிந்து, தற்செயலாக ஒரே பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். நடக்காது என்றில்லை. ஆனால் பத்தாவதில் எழுத்து முத்திரைக்கு மேல் கிடப்பதைப் பார்த்துவிட்டோம். அதே முத்திரைக்கட்டைதான் மற்ற இரண்டிலும் இறங்கியிருக்கிறது. ஒன்று விழுந்தால் மூன்றும் விழும்.

அசல் ஓவர்பிரிண்ட் ஒரே அளவில் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெவ்வேறு நீளங்களிலும் எழுத்து வகைகளிலும், சிலது குறுக்காக, சிலது நெடுக்காக அச்சானது. ஒரு வகையின் நீளத்தை மட்டும் தெரிந்துகொண்டு மற்றதையெல்லாம் போலி என்று தள்ளுவது பெரிய தவறு. எந்த வகை எந்த அடித்தளத் தபால்தலையில் வந்தது என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். எட்டாவது பிரதி, 1883-ன் 1 சென்டாவோ பச்சை, இப்படி ஒப்பிட்டதில் தேறியது. அதன் எழுத்து மற்ற மூன்றைவிட மங்கலாக, அழகில்லாமல் இருக்கிறது. பசையும் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. அழுத்தத் தடம் இருக்கிறது, மை ஓரத்தில் பிதுங்கியிருக்கிறது, அளவு சரி. அசல். விற்றவர் பக்கத்திலேயே குறைந்த விலை போட்டிருந்தது இதற்குத்தான்.

கடைசியாகப் பதின்மூன்றாவது. 1889-ன் 1 சென்டாவோ பழுப்பு, சோட்டோ உருவப்படம். மேலே நெடுக்காக மாகாணப் பெயர், நடுவில் N எழுத்து வர வேண்டிய இடத்தில் G விழுந்திருக்கிறது. இந்த எழுத்துப்பிழை உண்மையிலேயே நடந்தது, கேட்லாக்கிலும் உண்டு. அதனாலேயே போலி செய்யவும் ஆசை வரும். இந்தப் பிரதியில் அழுத்தத் தடம் இருக்கிறது, மை சரியாக இருக்கிறது. முத்திரை இல்லாததால் வரிசைச் சோதனைக்கு வழியில்லை. பிழையான எழுத்துக்கு இருபுறமும் இடைவெளி சரியா என்பதை, தாளின் அதே இடத்திலிருந்து வந்த உறுதியான பிரதியை அருகில் வைத்துத்தான் சொல்ல முடியும். ஆகவே இதற்கு நான் தீர்ப்பு எழுதவில்லை.

குவானகாஸ்டே போலி மூன்றையும் யார் அடித்தார் என்று நண்பர் கேட்டார். அதற்குக் கையெழுத்து எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தொழில் எவ்வளவு பெரிதாக நடந்தது என்பதற்கு ஒருவரைச் சொல்லலாம். ரவுல் டி தூயன் மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் மெரிடாவில் இருந்துகொண்டு லத்தீன் அமெரிக்கத் தபால்தலைகளுக்கு ஓவர்பிரிண்ட்களையும் முத்திரைகளையும் பல ஆண்டுகள் செய்து விற்றார். முழுத் தபால்தலையை அவர் பெரும்பாலும் செய்யவில்லை. அசல்மேல் சேர்ப்பதே அவர் வேலை. 1960களில் அமெரிக்கத் தபால்தலை சேகரிப்பாளர் சங்கமான அமெரிக்கன் ஃபிலாட்டலிக் சொசைட்டி அவரிடமிருந்து அச்சுக் கட்டைகளை மொத்தமாக விலைக்கு வாங்கித் தொழிலை நிறுத்தியது. பிறகு அவற்றின் பதிவுகளைப் படங்களோடு வெளியிட்டது. போலிக்காரனின் கருவிகளைப் பணம் கொடுத்து வாங்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்த முடிவை மனதார ஆதரிக்கிறேன். அந்தக் கட்டைகள் வெளியே இருந்திருந்தால் இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான ஆல்பங்களில் இருக்கும் பிரதிகளை எதோடு ஒப்பிடுவது?

பிறகு நடந்தது

நண்பர் ஸ்கேன்களையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தையும் விற்றவருக்கு அனுப்பினார். நான்காவது, ஆறாவது, ஒன்பது முதல் பதினொன்று வரை ஆக ஐந்துக்கும் பணம் திரும்ப வந்தது. அந்த ஐந்தையும் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. நண்பர் தனிப் பக்கத்தில் போலி என்று எழுதி ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்டார். ஐந்தாவதையும் மூன்றாவதையும் குறைத்த விலைக்கு ஏற்றுக்கொண்டார். இரண்டாவது பிரதியின் பின்னாலிருந்த பென்சில் எழுத்தை மென்மையான ரப்பரால் அழித்தாயிற்று.

பதின்மூன்றாவது இப்போது நிபுணர் குழுவுக்குப் போகத் தயாராகிறது. கோஸ்டா ரிகாவுக்கென்றே தனிச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. அதன் இதழில் இந்த ஓவர்பிரிண்ட் வகைகளின் படங்களைத் தேடி, ஒப்பீட்டுக் குறிப்பையும் இணைக்கிறோம். சான்றிதழ் கேட்கும்போது தபால்தலை அசலா என்று மட்டும் கேட்டால், அடித்தளம் அசல் என்ற பதிலோடு நின்றுவிட வாய்ப்பு உண்டு. அதனால் விண்ணப்பத்தில் ஓவர்பிரிண்டைப் பற்றியும், அந்தப் பிழை எழுத்தைப் பற்றியும், பசையைப் பற்றியும் தனித்தனிக் கேள்வியாக எழுதியிருக்கிறோம்.